பச்சைக் குழந்தைக்கு எந்த ஸ்லிங்? சேலத்திலும் ஏற்காட்டிலும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் இரண்டு பிள்ளைகளையும் துணியில் கட்டிச் சுமந்துதான் வளர்த்தேன். கன்னங்குறிச்சியில் அக்கம்பக்கத்தில் ஒரு பிரசவம் ஆனால், "அந்தத் துணியை எப்படிக் கட்டறதுன்னு வந்து காட்டுங்க" என்று கூப்பிடுவார்கள். ஏற்காட்டில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை வழியாகவும் கேள்விகள் வரும். திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள் வருவதால், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

"ஸ்லிங்னா என்னங்க அக்கா? நம்ம தூளியத்தான் தோள்ல மாட்டிக்கிறாங்களா?"

பார்க்கத்தான் அப்படி. தூளி விட்டத்தில் தொங்கும், குழந்தை அதற்குள் படுத்திருக்கும். ஸ்லிங்கில் குழந்தை உங்கள் நெஞ்சோடு நெஞ்சாக நிமிர்ந்து ஒட்டியிருக்கும். பால் கொடுத்தபின் தோளில் போட்டுத் தட்டிக்கொடுப்பீர்களே, அப்போது ஒரு கை பிட்டத்தைத் தாங்கும், இன்னொரு கை முதுகையும் பிடரியையும் அணைத்துக்கொள்ளும். அந்த இரண்டு கை செய்கிற வேலையைத்தான் துணி செய்ய வேண்டும். எந்த ஸ்லிங்கைப் பார்த்தாலும் இதை வைத்தே எடை போடுங்கள்.

"இன்னும் கழுத்தே நிக்கலை. இப்பவே கட்டினா உரம் விழுந்துடாதா? எங்க பாட்டி விடவே மாட்டேங்கறாங்க."

பாட்டியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. தலை ஆடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் சொல்ல வருவது. கழுத்து நிற்க மூன்று, நான்கு மாதம் ஆகும். அதுவரை துணியின் மேல் விளிம்பு குழந்தையின் பிடரி வரைக்கும், ஏறக்குறைய காதுமடலின் அடிவரைக்கும் வர வேண்டும். தலை உங்கள் நெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். நிறைமாதத்தில் பிறந்து, நல்ல எடையோடு, பால் குடித்துக்கொண்டு ஆரோக்கியமாக இருக்கிற குழந்தையை இப்படி முதல் வாரத்திலிருந்தே வைத்துக்கொள்ளலாம்.

பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து, கட்டிக் காட்டுங்கள். நீங்கள் குனியும்போது ஒரு கையால் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தாலே பாதி பயம் போய்விடும். இடுப்பை வளைத்துக் குனியாதீர்கள், முழங்காலை மடக்கி இறங்குங்கள்.

"பை மாதிரி ஒண்ணு குடுத்தாங்க. உள்ள மெத்தை, ஓரத்துல எலாஸ்டிக். குழந்தையை அப்படியே படுக்க வச்சு தோள்ல மாட்டிக்கலாமாம். நல்லதுங்களா?"

வேண்டாம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் யோசிக்காமல் பதில் சொல்வேன்.

என் மூத்தவன் பிறந்து இருபது நாளில் அதே மாதிரி ஒன்றை வாங்கினேன். உள்ளே விட்டதும் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டான். எனக்கு ஒரே சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் என் மாமியார்தான், "என்ன இவன் முக்கிக்கிட்டே இருக்கான்?" என்று துணியை விலக்கிப் பார்த்தார். தாடை நெஞ்சில் புதைந்திருந்தது. தூக்கி நிமிர்த்தியதும் நீளமாக ஒரு மூச்சு விட்டான். அன்றைக்கு அவர் மட்டும் பக்கத்தில் இல்லாமல் இருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னை உலுக்கும்.

பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழாய் மெல்லியது. தாடை நெஞ்சில் அழுந்தினால் அது மடங்கி அடைபடும். தலையைத் தானாக நிமிர்த்திக்கொள்ளக் கழுத்தில் வலு இல்லை. மூச்சு முட்டும்போது குழந்தை அழாது, சத்தமே வராமல் துவண்டுவிடும். ஆழமான பையில் முகமும் வெளியே தெரியாது. 2010 மார்ச்சில் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், 4 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஸ்லிங்கில் மூச்சு முட்டும் ஆபத்து இருப்பதாக எச்சரித்தது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் ஸ்லிங்கோடு தொடர்புள்ளதாக அவர்கள் கவனத்துக்கு வந்த குழந்தை மரணங்கள் குறைந்தது 14. அதிகம் பேசப்பட்டது இந்தப் பை வகைதான், ஆனால் எந்தத் துணியையும் தொளதொளவென்று கட்டினால் அதுவும் பைதான்.

"சரியாத்தான் கட்டியிருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கட்டி முடித்ததும் தலையைக் குனிந்து பாருங்கள். முகம் முழுதாகத் தெரிய வேண்டும். துணியை விலக்கிப் பார்க்க வேண்டியிருந்தால் அது தப்பான கட்டு. உதட்டைக் குவித்தால் குழந்தையின் உச்சந்தலைக்கு முத்தம் கொடுக்க எட்ட வேண்டும். எட்டவில்லையென்றால் ரொம்பக் கீழே இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, உங்கள் இரண்டு விரலைத் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே விட்டுப் பாருங்கள். அந்த இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும். பிறகு உள்ளங்கையை முதுகில் வைத்து மெல்ல அழுத்துங்கள். குழந்தை நிமிர்ந்து உங்கள் மேல் இன்னும் ஒட்டினால், அதுவரை சரிந்து உட்கார்ந்திருக்கிறது, துணி தொளதொளப்பாக இருக்கிறது. இன்னும் இழுத்து இறுக்குங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் பாவம், நசுங்கிவிடுமோ என்று தளர்வாகக் கட்டுகிறார்கள். குழந்தைக்கு இறுக்கம்தான் பாதுகாப்பு, தளர்வுதான் ஆபத்து.

முக்கல், கரகர சத்தம், மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து அடங்குவது, உதட்டைச் சுற்றி நீலம் பாய்வது, கூப்பிட்டும் அசையாமல் துவண்டு கிடப்பது, இதில் எதைப் பார்த்தாலும் உடனே வெளியே எடுத்து நிமிர்த்துங்கள். எடுத்தும் மூச்சு சீராகவில்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

"ராப், ரிங், பக்கிள்னு என்னென்னமோ சொல்றாங்க. ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?"

முதல் மூன்று மாதத்தை மட்டும் நினைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

ராப் என்பது ஐந்து மீட்டர் அளவுக்கு நீளமான ஒரே துணி. பனியன் துணி போல இழுபடும் ரகம் ஒன்று, தறியில் நெய்த இழுபடாத ரகம் ஒன்று. இழுபடும் ரகத்தை முதலில் உங்கள் உடம்பில் கட்டிவிட்டுக் குழந்தையை உள்ளே இறக்கலாம். பச்சைக் குழந்தைக்கு அதுபோல மெத்தென்று வேறு எதுவும் இல்லை. ஆனால் குழந்தையின் மேல் மூன்று மடிப்பு வரும், சேலத்து வெயிலில் இரண்டு பேரும் நனைந்துவிடுவீர்கள். ஏற்காட்டில் இருக்கிறவர்களுக்கு இதையே சொல்வேன்.

ரிங் ஸ்லிங் என்பது சுமார் இரண்டு மீட்டர் துணி, ஒரு முனையில் இரண்டு வளையம். குழந்தையின் மேல் ஒரே மடிப்புதான், காற்றோட்டம் இருக்கும், ஒரு நொடியில் கழற்றலாம். வெயில் ஊருக்கு என் ஓட்டு இதற்குத்தான். பாரம் ஒரே தோளில் இறங்கும், அதனால் இன்றைக்கு வலது என்றால் நாளைக்கு இடது. வளையத்தில் பற்றவைத்த தழும்பு இருக்கக் கூடாது. விரலால் சுற்றிவரத் தடவிப் பாருங்கள், நெருடல் இல்லாமல் ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும்.

பக்கிள் கேரியர் என்பது தோளிலும் இடுப்பிலும் பட்டை வைத்து, பக்கிள் போட்டு மாட்டுகிற தைத்த ரகம். மாட்டுவதற்குச் சுலபம். ஆனால் அதன் சீட்டைப் படியுங்கள், பலவற்றில் குறைந்தபட்ச எடை 3.2 அல்லது 3.5 கிலோ என்று இருக்கும். நம் பக்கம் 2.5, 2.8 கிலோவில் பிறக்கிற குழந்தைகள் ரொம்ப சகஜம். அவர்கள் அதற்குள் காணாமல் போய்விடுவார்கள். மூன்று, நான்கு மாதம் கழித்து வாங்கிக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் முதலில் மூன்று கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி, கட்டில் ஓரத்தில் நின்று நாலைந்து தடவை பழகுங்கள். பிறகு குழந்தை.

"அம்மாவோட காட்டன் சேலை பீரோ நிறைய இருக்கு. அதுலயே கட்டிக்கக் கூடாதா? எதுக்குக் காசு?"

கட்டிக்கொள்ளலாம், சேலை சரியாக இருந்தால். ஐந்தரை மீட்டர் நீளம் தாராளம். அகலம்தான் பிரச்சினை. நெய்த ராப்பின் அகலம் 60, 70 சென்டிமீட்டர், சேலை அதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். மிச்சத் துணி குழந்தையின் முகத்தருகே குவியும். நீளவாக்கில் கிழித்து ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டால் அழகான ராப்.

பல வருஷம் துவைத்து நைந்துபோன சேலை தூளிக்கு இதம், இதற்கு ஆகாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, இழை விலகிய இடம் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். இளம்பிள்ளைச் சேலை மாதிரிப் பளபளப்பானது வழுக்கும், முடிச்சு நிற்காது. ஜரிகை, குழந்தையின் தோலைக் கீறும். புதுக் கைத்தறி என்றால் கஞ்சி போகிற வரைக்கும் இரண்டு மூன்று தடவை அலசுங்கள்.

ரிங் ஸ்லிங் தைக்கத் தையற்காரரிடம் கொடுத்தால், வளையத்தைப் பிடிக்கிற இடத்தில் மூன்று வரிசைத் தையல், கெட்டியான பாலியெஸ்டர் நூலில் போடச் சொல்லுங்கள். ஃபேன்சி ஸ்டோரில் பைக்கு மாட்ட விற்கிற வளையம் வேண்டவே வேண்டாம், பாரம் தாங்காமல் விரிந்துவிடும்.

"சித்திரை வெயில்ல கட்டினா குழந்தைக்கு வேர்க்குரு வராதா? வெந்துடாதா?"

உங்கள் உடம்புச் சூடும் துணியும் சேர்ந்து குழந்தைக்கு ஒரு சட்டை போட்ட கணக்கு. அதனால் ஏப்ரல், மே மாதத்தில் டயப்பரோடு ஒரு மெல்லிய கையில்லாத சட்டை போதும், சில நேரம் அதுகூட வேண்டாம். இரண்டு உடம்புக்கும் நடுவே ஒரு மல் துணி வையுங்கள், ஈரமானால் மாற்றுங்கள். பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை வெளியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கை கால் சூட்டை நம்பாமல் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். பிடரி கொதித்தாலோ, முகம் சிவந்தாலோ வெளியே எடுத்து விசிறுங்கள்.

வெயில் என்று தண்ணீர் புகட்டச் சொல்வார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், அடிக்கடி கொடுங்கள். தண்ணீரை நீங்கள் குடியுங்கள்.

"நாங்க ஏற்காடு. மார்கழியில பனி மூக்கைப் பிடுங்குது. ஸ்வெட்டர், குல்லா எல்லாம் போட்டுக் கட்டலாமா?"

1,500 மீட்டர் உயரம், குளிர் இருக்கத்தான் செய்யும். ஆனால் தடித்த ஸ்வெட்டரோடு உள்ளே வைத்தால் இறுக்கிக் கட்ட முடியாது, ஸ்வெட்டரின் கழுத்து மேலே ஏறி மூக்கை மூடும். உள்ளே மெல்லிய உடுப்பு, கட்டிய பிறகு உங்கள் இருவருக்கும் மேலே சால்வை. சால்வை குழந்தையின் தோளோடு நிற்க வேண்டும். குரங்குக் குல்லா தாடையின் கீழ் மடிந்து வாயை மறைக்கிறது, அதனால் காது மூடும் சாதாரணக் குல்லா போதும். கால்தான் துணிக்கு வெளியே தொங்கும், அதற்குக் கம்பளிச் சாக்ஸ்.

பனிக்குத் தலையோடு சேர்த்து முக்காடு போடும் பழக்கம் ஏற்காட்டில் நிறையப் பேருக்கு உண்டு. குழந்தை உள்ளே இருக்கும்போது தயவுசெய்து போடாதீர்கள். முகம் தெரிய வேண்டும் என்று மேலே சொன்னது பனிக்கும் பொருந்தும்.

"காலை அகட்டி வச்சா கோணக்கால் ஆயிடாதா? நாங்க நீட்டி, சேர்த்துக் கட்டித்தான் படுக்க வைப்போம்."

நேர்மாறு. பிறந்த குழந்தையின் தொடை எலும்புத் தலை இடுப்புக் குழிக்குள் இன்னும் கெட்டியாக உட்காரவில்லை. காலை நீட்டிச் சேர்த்து இறுக்கிக் கட்டினால் அது குழியைவிட்டு நழுவ வாய்ப்பு இருக்கிறது. தவளை உட்கார்ந்த மாதிரி, முழங்கால் பிட்டத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில், தொடை அகன்று இருப்பதுதான் இடுப்புக்கு நல்லது. சின்னக் குழந்தையைத் தூக்கினால் தானாகவே காலை அப்படித்தான் மடக்கும், கவனித்துப் பாருங்கள். துணி ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை விரிந்து தொடையைத் தாங்க வேண்டும். ஆனால் காலை நீங்கள் பிடித்து இழுத்து அகட்டாதீர்கள், எவ்வளவு விரிகிறதோ அவ்வளவே போதும்.

முதுகு வளைந்துவிடும் என்பதும் இதே ரகப் பயம். பிறந்த குழந்தையின் முதுகு வளைந்துதான் இருக்கும், அந்த வளைவை அப்படியே தாங்குகிற துணிதான் நல்லது.

"கைச்சூடு கண்டுட்டா அப்புறம் கீழயே விடாதுன்னு சொல்றாங்களே?"

ஒன்பது மாதம் வயிற்றுச் சூட்டில் இருந்த குழந்தைக்கு நாம் புதிதாகப் பழக்கிவிட என்ன இருக்கிறது? 1986-ல் கனடாவின் மான்ட்ரியலில் ஓர் ஆய்வு செய்தார்கள். நாளுக்குக் குறைந்தது 3 மணி நேரமாவது, அழுதாலும் அழாவிட்டாலும் தூக்கிவைத்திருக்கும்படி தாய்மார்கள் சிலரிடம் சொன்னார்கள். 6 வாரக் குழந்தைகளிடம் அழுகையும் சிணுங்கலும் 43 சதவீதம் குறைவாக இருந்தன. தைரியமாகத் தூக்குங்கள்.

"எனக்கு ஆபரேஷன். தையல் இன்னும் இழுக்குது. எப்போ கட்டலாம்?"

உங்கள் மருத்துவர் சரி என்ற பிறகுதான். சிசேரியனுக்குப் பின் முதல் ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்று சொல்வார்கள், அது நினைவிருக்கட்டும். அவர் சரி என்றால், தையல் மேல் எதுவும் படாமல் உயரமாகக் கட்டும் ரிங் ஸ்லிங் அல்லது இழுபடும் ராப். இடுப்புப் பட்டை வைத்த பக்கிள் கேரியர் தையலிலேயே போய் உட்காரும். முதலில் பத்து நிமிடம். இழுத்தால் கழற்றிவிடுங்கள். அதுவரை வீட்டில் வேறு யாராவது கட்டிக்கொள்ளட்டுமே, நீங்கள் பச்சை உடம்புக்காரி.

"குறைமாசக் குழந்தை, 1.9 கிலோ. ஆஸ்பத்திரியில நெஞ்சுல வச்சுக் கட்டச் சொன்னாங்க. அதுவும் ஸ்லிங்தானே? வீட்டுல நானே கட்டலாமா?"

அது கங்காரு முறை. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. வெற்று உடம்போடு உடம்பாகத் தாயின் நெஞ்சில் நிமிர்த்தி வைத்துக் கட்டுவது. எடை குறைந்த குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றுகிறது என்று நிரூபணமாகி, ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்லி 2022-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. அதனால் மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்ததை விடாமல் செய்யுங்கள்.

ஆனால் கடையில் வாங்கும் ஸ்லிங்கில் போட்டுக்கொண்டு நடமாடுவது வேறு. குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, இரட்டையர், சளி பிடித்த குழந்தை, இவர்களுக்கு மேலே சொன்ன மூச்சு ஆபத்து அதிகம். வீட்டிலும் செவிலியர் காட்டிய அதே துணியில், அதே நிலையில் கட்டுங்கள். ஸ்லிங்குக்கு மாறுவது எப்போது என்று அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது கேளுங்கள்.

"கட்டினபடியே பால் குடுக்கலாமா?"

கொடுக்கலாம், ஆனால் உட்கார்ந்துகொண்டு, ஒரு கையால் தலையைத் தாங்கியபடி. துணியைத் தளர்த்திக் குழந்தையைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும். அப்போது மூக்கு மார்பில் அழுந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். குடித்து முடித்ததும் மறுபடி மேலே ஏற்றி இறுக்குங்கள். இறங்கிய நிலையிலேயே தூங்கவிட்டுவிடாதீர்கள். முதல் மாதத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கட்டுவதே நிம்மதி.

"ஸ்லிங்ல கட்டிக்கிட்டு ஸ்கூட்டியில பின்னாடி உக்காந்து அஸ்தம்பட்டி வரைக்கும்தானே, போகலாமில்ல?"

கூடாது. வண்டி சறுக்கினால் உங்கள் முழு எடையும் குழந்தையின் மேல்தான் விழும், துணி அதை உங்களோடு சேர்த்தே கட்டிவைத்திருக்கும். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த விதிப்படி, இருசக்கர வண்டியில் 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்பு வார் கட்ட வேண்டும், 9 மாதத்திலிருந்து 4 வயது வரை தலைக்கவசம் வேண்டும், வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஸ்லிங் அந்த வார் ஆகாது. தலை நிற்காத குழந்தைக்கு எந்த வாரும் பொருந்தாது. ஆட்டோ கூப்பிடுங்கள்.

"அப்ப ஏற்காடு மலைப்பாதைக்கு? பஸ்ல, கார்ல?"

காரில் ஸ்லிங் வேண்டாம். பின்னோக்கிப் பார்த்தபடி வைக்கும் குழந்தை இருக்கையில் வாரோடு. ஸ்லிங்கில் இருக்கும் குழந்தையோடு சேர்த்து நீங்கள் சீட் பெல்ட் போட்டாலும் அது குழந்தையைத்தான் நசுக்கும்.

பஸ் என்றால் நம் ஊரில் வேறு வழி இல்லை. மோதலில் ஸ்லிங் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள், கை நழுவாமல் இருக்க உதவும், அவ்வளவுதான். நின்றுகொண்டு போகவே போகாதீர்கள். நடுப்பகுதியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, 20 கொண்டை ஊசி வளைவு முடிகிற வரைக்கும் ஒரு கை குழந்தையின் தலையில் இருக்கட்டும். ஏறும்போது காது அடைத்து அழும். பஸ் எங்காவது நிற்கும்போது பால் கொடுத்தால் விழுங்க விழுங்கச் சரியாகும்.

"கட்டிக்கிட்டே சமைக்கலாமா?"

அடுப்புப் பக்கம் வேண்டாம். தாளிக்கிற கடுகு எங்கே தெறிக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? கொதிக்கும் டீயைக் கையில் வைத்துக்கொண்டும் வேண்டாம். கீரை ஆய்வது, துணி மடிப்பது, போன் பேசுவது எல்லாம் செய்யலாம்.

"என் வீட்டுக்காரர் கட்டினா குழந்தை கீழ கீழ இறங்குதே?"

நீங்கள் கட்டிய அளவிலேயே அவர் மாட்டியிருப்பார். ராப்பும் ரிங்கும் ஒவ்வொரு உடம்புக்கும் புதிதாக இழுத்துச் சரிசெய்ய வேண்டியவை. ரிங்கில் துணியின் மேல் ஓரம், நடு, கீழ் ஓரம் என்று தனித்தனியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கச் சொல்லுங்கள். மொத்தமாக இழுத்தால் நடுவில் தொளதொளப்பு நிற்கும். வளையம் தோள்பட்டை எலும்புக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும்.

அப்பாக்கள் கட்டிக்கொள்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்துக்குக் கட்டிக்கொண்டு கிளம்பினால் தடுத்துவிடுங்கள். நெரிசலில் முன்னால் இருப்பவரின் முதுகு குழந்தையின் முதுகை அழுத்தும்.

"நாத்தனார் பழசு ஒண்ணு குடுத்திருக்காங்க. வாங்கிக்கலாமா?"

தையல், வளையம், பக்கிள் மூன்றையும் பாருங்கள். துணியை இரண்டு பேர் எதிரெதிரே பிடித்துப் பலமாக இழுங்கள். பிசிறோ, வெடிப்போ, தையல் விட்டதோ இருந்தால் வேண்டாம். மேலே சொன்ன பை வகையாக இருந்தால், இன்னொருவர் கைக்கும் போகாமல் வெட்டி எறியுங்கள்.

"கட்டின உடனே வீல்னு கத்துது. என் குழந்தைக்கு இது பிடிக்கலை போல."

பசியில் கட்டினீர்களா? டயப்பர் நனைந்திருக்கிறதா? பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. பால் குடித்து, ஏப்பம் விட்டு, தூக்கத்துக்கு முன் அமைதியாக இருக்கிற நேரத்தில் கட்டுங்கள். கட்டியதும் அசையாமல் நிற்காதீர்கள், நின்றால் கத்தும். பிட்டத்தில் மெல்லத் தட்டிக்கொண்டே வாசலுக்கும் கொல்லைக்கும் நாலு நடை நடங்கள். நாலைந்து நாள் இப்படிப் பழக்கியும் துணிக்குள் வைத்தாலே விறைத்துக்கொண்டு அழுதால், ஒரு கால் மட்டும் மடங்கியோ வலிப்பது போலவோ தெரிந்தால், மருத்துவரிடம் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.